திரை அச்சில் ஒரு கடற்கரை: ராய் ஹென்றி விக்கர்ஸும் நம் கோல சிலாங்கூர் கரையும்

திருவிழாக் காலத்தில் காவடிக் குழுக்களுக்கும் பால்குடக் குழுக்களுக்கும் சட்டை அச்சடித்துக் கொடுக்கும் கடைகளை நாம் எல்லாரும் பார்த்திருப்போம். ஒரு சட்டத்தில் இறுக்கி இழுத்துக் கட்டிய வலைத்துணி, ரப்பர் விளிம்பு வைத்த ஸ்குவீஜி கட்டை, ஒரு டப்பா மை. சட்டத்தைத் துணியின் மேல் வைத்து மையை ஓர் இழுப்பு இழுத்தால் வேல் பதிந்துவிடும். அடுத்த சட்டத்தை வைத்து இழுத்தால் குழுவின் பெயர் விழும். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றும் சில்க் ஸ்கிரீன் என்றும் சொல்கிறோம். தமிழில் திரை அச்சு எனலாம். இதே முறையில், தான் பிறந்து வளர்ந்த கடற்கரையைப் பல பத்தாண்டுகளாக அச்சிட்டு உலகம் அறியச் செய்தவர் கனடாவின் ராய் ஹென்றி விக்கர்ஸ்.

அவருடைய கரை பசிபிக் பெருங்கடலின் குளிர்ந்த கரை. நம்முடையது மலாக்கா நீரிணையின் சேறும் சதுப்புமான கரை. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஜெராமிலிருந்து செகிஞ்சான் வரை நம்மிடம் உள்ள கடற்கரைப் படங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றை அவர் தம் படங்களுக்குள் கொண்டுவந்தார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

விக்கர்ஸ் 1946ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், நாஸ் ஆற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அப்போது அதன் பெயர் கிரீன்வில். இப்போது பூர்வகுடிப் பெயரான லக்கால்ட்சாப் என்றே வழங்குகிறது. தந்தை மீனவர், சிம்ஷியன், ஹைடா, ஹைல்ட்சுக் ஆகிய பூர்வகுடி மரபுகளில் வந்தவர். தாயார் ஆங்கில வம்சாவளியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதி கிட்காட்லா என்ற தீவுக் கிராமத்தில் கழிந்தது. பிறகு குடும்பம் விக்டோரியா நகருக்குக் குடிபெயர்ந்தது. வளர்ந்தபின் வடக்கே ஹேசல்டன் ஊரில் உள்ள கிட்டான்மாக்ஸ் கலைப்பள்ளியில் சேர்ந்து, கரையோரப் பூர்வகுடிகளின் செதுக்குக் கலையையும் வரைகலையையும் முறையாகக் கற்றார்.

அந்தக் கரையின் வரலாறு தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாக இராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சால்மன் மீனை டின்னில் அடைக்கும் ஆலைகள் ஆற்று முகத்துவாரங்களில் வரிசையாக எழுந்தன. ஸ்கீனா ஆற்றின் முகத்துவாரத்தில் 1889இல் தொடங்கிய நோர்த் பசிபிக் ஆலை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆலைக்குச் சொந்தமான குடியிருப்புகள், ஆலைக்குச் சொந்தமான கடை, இனத்துக்கு ஒரு வரிசை வீடு: பூர்வகுடிகளுக்கு ஒன்று, சீனர்களுக்கு ஒன்று, ஜப்பானியர்களுக்கு ஒன்று, வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று. லயத்தையும் துரை பங்களாவையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு வேறுபாடு உண்டு. அந்த மக்களின் கலையையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அவர்களுடைய பெரிய சடங்கு பாட்லாட்ச். பெயர் சூட்டல், திருமணம், இறந்தவர் நினைவு என எதற்கும் ஊரைக் கூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பரிசு கொடுப்பார்கள். பரிசு வாங்கியவர் அந்த நிகழ்ச்சிக்குச் சாட்சி. நம் வீட்டுத் தாம்பூலப் பையை நூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஓரளவு விளங்கும். 1884இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின் மூலம் கனடா அரசு இந்தச் சடங்கைத் தடை செய்தது. 1921இல் நடந்த ஒரு பாட்லாட்சுக்குப் பிறகு முகமூடிகளையும் செப்புப் பட்டயங்களையும் அதிகாரிகள் பறிமுதல் செய்து, தூரத்து அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் அனுப்பினார்கள். தடை 1951இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. விக்கர்ஸுக்கு அப்போது ஐந்து வயது.

தடை நீங்கினாலும் கலை ஒரே நாளில் திரும்பி வந்துவிடவில்லை. பெரிய கம்பம் செதுக்கப் பெரிய தேவதாரு மரம் வேண்டும், மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும், வாங்க ஆள் வேண்டும். இந்த இடத்தில்தான் திரை அச்சு கைகொடுத்தது. எல்லன் நீல் என்ற பெண் சிற்பி முன்பே கழுத்துத் துணிகளில் குலச்சின்னங்களைத் திரை அச்சில் பதித்து விற்றிருந்தார். 1960களிலும் 70களிலும் ராபர்ட் டேவிட்சன், பில் ரீட் போன்றவர்கள் தாளில் அச்சிடத் தொடங்கினார்கள். 1977இல் இந்தக் கலைஞர்கள் ஒரு சங்கமே அமைத்து அச்சுத் தொகுப்புகளை வெளியிட்டார்கள். ஓர் ஓவியம் ஒருவர் வீட்டில்தான் தொங்கும். நூறு அச்சு நூறு வீட்டில் தொங்கும். பள்ளி ஆசிரியரும் மீனவரும் வாங்கக்கூடிய விலை. பாட்லாட்ச் விருந்தில் பரிசாகவே அச்சுகளைக் கொடுக்கும் வழக்கமும் வந்தது. தடை செய்யப்பட்ட சடங்குக்குள் ஒரு புதிய தொழில்நுட்பம் அவ்வளவு இயல்பாக நுழைந்துகொண்டது எனக்கு இன்றும் வியப்பு.

இந்தக் கலையின் அடிப்படை, தடித்தும் மெலிந்தும் ஓடும் ஒரு கறுப்புக் கோடு. திமிங்கலம், காக்கை, கழுகு, ஓநாய் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் வடிவம் பெறும். கோட்டுக்குள்ளே நிறம் சமமாக, நிழல் இல்லாமல் நிரம்பியிருக்கும். திரை அச்சின் பலமும் அதுவே: ஓர் இழுப்பில் மேடுபள்ளம் இல்லாத ஒரே நிறம், கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்பு. கையும் உறையும் பொருந்தியதுபோல் இரண்டும் பொருந்தின.

ஆனால் அந்த மரபில் நிலக்காட்சி என்ற ஒன்று கிடையாது. மலை, கடல், அந்திவானம் என்று இடத்தை மட்டும் வரைவது வெளியிலிருந்து வந்தவர்களின் பழக்கம். எமிலி கார் போன்ற பெரிய ஓவியர்கள் அந்தக் காடுகளையும் கைவிடப்பட்ட கிராமங்களையும் ஆழ்ந்த அன்போடுதான் வரைந்தார்கள். ஆனாலும் பொதுவாக அந்த வகைப் படங்களில் கரை ஆளற்றுக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது யாருக்கும் சொந்தமில்லாத அழகு. விக்கர்ஸ் இரண்டு பழக்கங்களையும் ஒரே தாளில் இணைத்தார். அவருடைய அச்சுகளில் முதலில் தெரிவது நிலக்காட்சி: அடுக்கடுக்கான நீல மலைகள், கண்ணாடிபோல் கிடக்கும் நீர், சிவந்து மஞ்சளாகி மங்கும் வானம், கரையில் ஒரு படகு. கொஞ்ச நேரம் பார்த்தால், அல்லது தாளைச் சாய்த்துப் பார்த்தால், அந்த வானத்துக்குள் ஒரு முகம் எழும். மலையின் சரிவில் ஒரு கழுகு, நீருக்குள் ஒரு திமிங்கலம். முன்னோர்கள்.

அதைச் செய்யும் முறை எளிமையானது. வானத்தை அச்சிட்டு முடித்தபின், அதே நிறத்தில் ஒரு சாயல் மட்டும் மாறிய மையிலோ, நிறமே இல்லாத பளபளப்பு வார்னிஷிலோ அந்த உருவங்களைத் தனித்திரையில் பதிப்பது. நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தெரியும். பிறருக்கு வெறும் அந்திவானமாக இருப்பது, அந்த ஊர்க்காரருக்குத் தன் பாட்டன் இருக்கும் இடம். இதை நீண்ட உரையாற்றி விளக்குவதைவிட ஒரு கோட் வார்னிஷ் நன்றாகவே விளக்கிவிடுகிறது.

எல்லா அச்சுகளும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் அந்திவானத்தின் செம்மஞ்சள் நாட்காட்டிப் படம்போல இனிப்பாகிவிடுகிறது. சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் அதிகம் விரும்புகிறார்கள் என்பதும் உண்மை. 1986இல் வான்கூவர் தீவின் மேற்குக் கரையிலுள்ள தோஃபினோ ஊரில், பூர்வகுடிகளின் நெடுவீட்டு அமைப்பில் அவர் சொந்தக் கலைக்கூடம் திறந்தார். மறுஆண்டு வான்கூவரில் காமன்வெல்த் தலைவர்கள் கூடியபோது, எலிசபெத் ராணியாருக்கு வழங்கப்பட்ட அதிகாரபூர்வப் பரிசு இவருடைய 'தலைவர்களின் சந்திப்பு' என்ற படம். தோஃபினோவைச் சுற்றியுள்ள கிளயோக்வாட் கடற்பகுதியில் பழங்காடுகளை வெட்டுவதை எதிர்த்து 1993இல் நடந்த மறியலில் 800க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவ்வளவு சண்டை நடந்த கரைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த அச்சுகள் அவை என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அந்த இனிப்பிலும் கொஞ்சம் காரம் தட்டுப்படும். 1990களின் தொடக்கத்தில் மதுப்பழக்கத்திலிருந்து மீள அவர் சிகிச்சைக்குச் சென்றதும், அதை மறைக்காமல் பேசி மற்றவர்களின் மீட்சிக்காக உழைத்ததும் அவர் மக்களிடையே ஓவியங்களுக்கு இணையாகப் பேசப்படுகிறது. 1998இல் பிரிட்டிஷ் கொலம்பியா விருதும் 2006இல் கனடா விருதும் கிடைத்தன.

திரை அச்சு எங்கிருந்து வந்தது?

துளையுள்ள ஒன்றின் வழியே நிறத்தை இறக்கி வடிவம் பெறுவது பழைய யோசனை. தீபாவளிக்கு முன் கடைகளில் விற்கும் துளையிட்ட கோல அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைக் கொட்டித் தேய்த்தால் துளை உள்ள இடத்தில் மட்டும் இறங்கும். அதே தத்துவம். ரப்பர் பேல்களின் மேல் தோட்டத்தின் அடையாளக் குறியைப் பதிக்க, தகட்டில் எழுத்தை வெட்டி மை தடவினார்களே, அதுவும் இதன் உறவு. தகட்டில் வெட்டும்போது ஒரு சிக்கல் உண்டு. வட்டத்துக்குள் இருக்கும் வட்டம் கீழே விழுந்துவிடும், பிடித்துக்கொள்ள ஒரு பாலம் வேண்டும். வலைத்துணியில் ஒட்டிவிட்டால் பாலம் தேவையில்லை. 1907இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் பட்டுத்துணி வழியே அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விளம்பரப் பலகைக்காரர்களின் தொழிலாக இருந்ததை, 1938இல் நியூயார்க்கில் அந்தனி வெலோனிஸ் தலைமையிலான அரசாங்க வேலைத் திட்டக் குழு கலைஞர்களின் கைக்குக் கொண்டுவந்தது. செரிகிராஃப் என்ற கௌரவமான பெயரும் அந்தக் காலத்தில்தான் ஒட்டியது. 1962க்குப் பிறகு ஆண்டி வார்ஹோல் அதை உலகப் பிரபலமாக்கினார்.

இன்று பட்டு இல்லை; பாலியெஸ்டர் வலை. சட்டைக்கு என்றால் சென்டிமீட்டருக்கு 43 இழை அளவிலான கண் பெரிய வலை, தாளுக்கு என்றால் 90 முதல் 120 இழை வரை. ஒளியில் இறுகும் எமல்ஷனை வலையில் பூசி உலர்த்தி, படம் வரைந்த பிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவிப்போய்த் துளையாகும். நிறத்துக்கு ஒரு திரை. பத்து நிறம் என்றால் பத்து முறை, ஒவ்வொரு தாளும் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் தாள் காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவுமாக இருக்கும். அரை மில்லிமீட்டர் நீண்டாலும் மலைக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். அதற்காகவே ஒரு நிறத்தைப் பக்கத்து நிறத்தின் அடியில் கொஞ்சம் நுழைத்து அச்சிடுவார்கள்.

வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. தாளின் அடியில் பென்சிலால் 15/100 என்று எழுதியிருந்தால், நூறு பிரதிகளில் அது பதினைந்தாவது. அச்சிட்டு முடிந்ததும் திரையை அழித்துவிடுவது மரபு. பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது நான்கு நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடியிருந்தால் அது இயந்திரத்தில் அடித்த போஸ்டர். நிறம் புள்ளியின்றி ஒரே படலமாக, விரலால் தடவினால் மெல்லிய மேடு தெரியும்படி இருந்தால் கையால் இழுத்த திரை அச்சாக இருக்கும்.

நம் நாட்டில் இந்த முறையைத் தீவிரமாகக் கையாண்டவர்களில் ரெட்சா பியதாசா முக்கியமானவர். 1939இல் குவாந்தானில் பிறந்து 2007இல் மறைந்த அவர், 1980களில் தொடங்கிய 'மலேசியத் தொடர்' படைப்புகளில், பழைய ஸ்டுடியோ குடும்பப் படங்களைத் திரை அச்சின் மூலம் எடுத்து வண்ணம் சேர்த்துப் பல இன மக்களின் முகங்களை முன்வைத்தார். 1972இல் அவர் செய்த 'மாபெரும் மலேசிய நிலக்காட்சி' கொஞ்சம் குறும்பான படைப்பு: வழக்கமான கிராமத்து நிலக்காட்சி ஒன்றை நடுவில் வைத்து, ஓவியத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியதுபோல் எழுத்துகளைப் பதித்தார். நிலக்காட்சி என்று நாம் சொல்வது யாரோ கட்டமைத்துக் கொடுத்த ஒன்று என்பதை அது நேரடியாகவே காட்டுகிறது.

அந்தப் பெயர்ச்சீட்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு கோல சிலாங்கூருக்கு வருவோம். இந்த வட்டாரத்தின் விளம்பரப் படங்கள் எவை? புக்கிட் மலாவத்தி குன்றும் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும், கம்போங் குவாந்தான் மின்மினிகள், வெள்ளி முடிக் குரங்குகள், சசாரான் கடலில் வற்று நேரத்தில் வெளிப்படும் கண்ணாடி மணல்திட்டு, செகிஞ்சான் வயல். எல்லாம் அழகானவை, எல்லாம் உண்மையானவை. படத்தில் ஆள் இருந்தால் அவர் சுற்றுலாப் பயணி.

இந்தக் கரைக்குப் பின்னால் உள்ள நிலம் தானாக உண்டானதல்ல. உப்புநீரைத் தடுத்து மண்கரை எழுப்பி, கால்வாய் வெட்டி, சதுப்பை வடித்துத்தான் பயிர் வந்தது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது நம் பத்தாங் பெர்ஜூந்தையில்தான். இன்றைய பெஸ்தாரி ஜெயா. வெற்றி பெறாத காப்பிப் பயிர் இருந்த இடத்தில் அதை நட்டவர் ஆன்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே தமிழ் நிற்கிறது. நட்டவர் என்று வரலாறு எழுதும்போது துரையின் பெயர் வருகிறது. குழி தோண்டியவர்களின் பெயர் தோட்டப் பெயரில் ஒட்டிய ஒரு சொல்லோடு நின்றுவிட்டது.

பின்னர் பல தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீடு கேட்டு நடத்திய நெடும் போராட்டம் வாசகர்களுக்குத் தெரியும். லயம் இடிந்தபின் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று காட்ட, சிலரிடம் மங்கிப்போன ஒரு திருவிழாப் புகைப்படமாவது இருக்கிறது. பலரிடம் அதுவும் இல்லை.

விக்கர்ஸின் முறையில் இந்தக் கரையை அச்சிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். புக்கிட் மலாவத்தியிலிருந்து மேற்கே, சூரியன் இறங்கும் நேரம். முதல் திரை தாள் முழுக்க இளமஞ்சள். இரண்டாவது வானம்: ஒரே திரையில் செம்மஞ்சளையும் ரோஜா நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்தால், நாலைந்து இழுப்பில் இரண்டும் தாமே கலந்து படிப்படியாக மாறும். அந்திவானத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. மூன்றாவது, சேற்றுக்கும் நீருக்கும் ஒளி ஊடுருவும் சாம்பல். அடியிலுள்ள மஞ்சள் அதன் வழியே கசிந்து ஈரச் சேற்றின் மினுக்கம் கிடைக்கும். நான்காவது தூரத்துச் சதுப்புக்காட்டின் நீலப்பச்சை, ஐந்தாவது அருகிலுள்ள மரங்களின் கரும்பச்சை. கடைசியில் கறுப்பு: விளக்குக் கோபுரம், மீன்பிடிப் படகு, கிளையில் குந்தியிருக்கும் குரங்கு. நம் கரை தட்டையானது, மலை கிடையாது, எல்லாம் கிடைக்கோடு. ஓவியருக்கு அது சலிப்பாக இருக்கலாம். திரை அச்சுக்காரருக்கு அது வரம்.

மின்மினி வேண்டுமென்றால் காட்சியை ஆற்றுக்கு மாற்ற வேண்டும். பெரெம்பாங் மரத்தில் கூடி ஒரே தாளத்தில் மினுங்கும் பூச்சிகளைக் கறுப்பின் மேல் மஞ்சள் புள்ளியாக வைத்தால் ஒளி வராது, பொட்டு வைத்ததுபோல் இருக்கும். முதலில் அச்சிட்ட பச்சை கலந்த மஞ்சளை, பின்னால் வரும் ஒவ்வொரு திரையிலும் ஊசிமுனை அளவு மூடாமல் விட்டுவிட வேண்டும். ஐந்து ஆறு திரைகளிலும் அதே புள்ளி அதே இடத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் கடினம்.

இவையெல்லாம் முடிந்தபின் ஒரு திரை மிச்சம் இருக்கிறது. அதில் மை இல்லை, பளபளப்பு வார்னிஷ் மட்டும். வானத்தின் குறுக்கே லயத்து வரிசை வீடுகள். சதுப்புக்காட்டின் மேல் காண்டா சுமந்து பால் கொண்டுபோகும் ஒரு பெண். மண்கரையின் மேல் சங்கிலி பிடித்து வடிகால் வெட்டும் ஆட்கள். இந்த அடுக்கு கைப்பேசியில் எடுக்கும் படத்தில் சரியாக விழாது. தாளை மாட்டிய வீட்டுக்குப் போய், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும்.